ஊரில் படம், நகரில் கண் வைத்தியர்: திருகோணமலைக் கிராமங்களில் தொலைக் கண் பரிசோதனை நடத்தும் முறை

வெருகலில் இருந்து ஒரு முதியவர் திருகோணமலை நகருக்குக் கண் காட்டப் போவதென்றால் அவருடைய ஒரு நாள், கூட வரும் மகளின் ஒரு நாள் கூலி, இருவருக்கும் பஸ் காசு என்று எல்லாம் போகும். போன இடத்தில் "வாசிப்புக் கண்ணாடி போதும்" என்று சொல்லித் திருப்பிவிட்டால், பிறகு உண்மையாகவே கண் மங்கும்போது அவர் வீட்டை விட்டு அசையமாட்டார். யார் போக வேண்டும், யார் போகத் தேவையில்லை என்பதை ஊரிலேயே பிரித்துச் சொல்வதற்குத்தான் தொலைப் பரிசோதனை: ஊரில் பார்வையை அளந்து, கண்ணைப் படமெடுத்து, நகரத்துக் கண் வைத்தியருக்கு அனுப்பிப் பதில் பெறுவது.

தாதியர், மருத்துவமாதுக்கள், கண் பரிசோதனை உதவியாளர்கள், பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயைத் தீர்மானிப்பதும் மருந்து எழுதுவதும் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியரின் வேலை. அவர் தூரத்தில் இருந்தபடி சரியாகத் தீர்மானிப்பதற்கு வேண்டியதைச் சேர்த்துக் கொடுப்பது நம் வேலை.

1. கடைசி வேலையை முதலில் செய்யுங்கள்

புதியவர்கள் கமெராவில் தொடங்குகிறார்கள். அடுத்து அறிவித்தல் ஒட்டுகிறார்கள், பிறகு ஆட்களைத் திரட்டுகிறார்கள். படத்தைப் பார்ப்பவர் யார், அனுப்பப்படும் நோயாளியை ஏற்பவர் யார் என்பதெல்லாம் அன்று பின்னேரம்தான் நினைவுக்கு வரும். எங்கள் முதல் முகாமில் நாங்கள் செய்ததும் இதுதான். கிளினிக் இல்லாத நாளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அன்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களில் சிலர் பிறகு நாங்கள் அழைத்தும் வரவில்லை.

ஆகவே நாள் குறிப்பதற்கு முன்பே மூன்று விடயங்களைக் கண் வைத்திய நிபுணருடன் பேசி எழுதி வையுங்கள். படங்களை அவர் எந்த நாளில், எத்தனை மணிக்குப் பார்ப்பார்? அந்த வாரமும் அடுத்த வாரமும் அவருடைய கிளினிக் எத்தனை புதியவர்களை ஏற்கும்? அவசரம் என்றால் அன்றே எந்த எண்ணுக்கு அழைப்பது?

எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதையும் இந்தப் பதில்களே தீர்மானிக்கும். ஒருவரின் இரு கண் பார்வையையும் ஒழுங்காக அளக்க ஆறேழு நிமிடம் பிடிக்கும். அளக்கும் இடம் ஒன்றுதான் என்றால் ஒரு நாளில் நாற்பது, ஐம்பது பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். இருநூறு பேர் வந்தார்கள் என்பது பத்திரிகைச் செய்திக்கு நல்லது, கண்ணுக்கு நல்லதல்ல.

2. அனுமதியும் நாளும்

அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முதலில் அறிவியுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தர், அவருக்குப் பின் ஊர் மருத்துவமாது. எந்த வீட்டில் யார் கண் தெரியாமல் திண்ணையோடு முடங்கிக் கிடக்கிறார் என்பது மருத்துவமாதுவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் அறிவித்தலைப் பார்த்து வரப்போவதில்லை. பெயர் சொல்லிக் கூட்டி வந்தால்தான் உண்டு.

நாளை நகரத்து நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்காதீர்கள். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வயற்காரர் பகலில் கிடைக்கமாட்டார். ஒக்டோபர் கடைசியில் இருந்து ஜனவரி வரை மழைக்காலம். மகாவலி பெருகினால் வெருகல் பக்கத்துப் பாதைகள் தண்ணீரில் மூழ்கும். குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளில் காலையில் கூட்டம் சேராது, வலை இழுத்து மீன் விற்ற பிறகே ஆட்கள் வருவார்கள். மூதூர், கிண்ணியா, தோப்பூர் பக்கம் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். நோன்பு மாதத்தில் சொட்டு மருந்து தேவைப்படும் பரிசோதனையை வைக்க வேண்டாம். சொட்டு நோன்பை முறிக்குமா என்ற கேள்விக்கு விடை சொல்வது உங்கள் பொறுப்பல்ல, நாளை மாற்றினால் போதும்.

3. கொண்டு போக வேண்டியவை

பார்வை அட்டை, 6 மீற்றர் கயிறு, ஊசித்துளை மறைப்பு, கிட்டப்பார்வை அட்டை, நல்ல டோர்ச் இரண்டு, பின்பக்கக் கமெரா தெளிவாக உள்ள கைத்தொலைபேசி, சார்ஜ் நிரப்பிய பவர் பேங்க், எண்சீட்டுகள், பதிவேடு, கைகழுவும் திரவம், கறுப்புத் துணி. விழித்திரைக் கமெரா இருந்தால் நல்லது. அது இல்லாமலும் பாதிக்கு மேற்பட்ட வேலையை முடிக்கலாம்.

பார்வை அட்டையை நீங்களே அச்சடித்தால் அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். 6 மீற்றரில் பயன்படுத்தும் அட்டையில் 6/60 வரிசையின் (நல்ல பார்வை உள்ளவர் 60 மீற்றரில் இருந்தே காணக்கூடியதை இவர் 6 மீற்றரில்தான் காண்கிறார் என்று பொருள்) எழுத்து ஏறத்தாழ 87 மில்லிமீற்றர் உயரம் இருக்க வேண்டும். "தாளுக்குப் பொருந்துமாறு" அச்சடிக்கும்படி விட்டால் அச்சு இயந்திரம் எழுத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். அதன் பிறகு அந்த முகாமில் எடுத்த அளவு ஒன்றையும் நம்ப முடியாது.

ஊசித்துளை மறைப்பு கடையில் கிடைக்காவிட்டால் கறுப்பு மட்டையில் 1 மில்லிமீற்றர் அளவில், ஓரம் பிசிறில்லாமல் துளையிடுங்கள். இந்தத் துண்டு மட்டை செய்யும் வேலையைக் கீழே பார்ப்போம்.

4. மண்டபத்தை அமைத்தல்

பாடசாலை வகுப்பறை, பலநோக்கு மண்டபம், கோவில் மடம் எதுவானாலும் சரி. ஆறு மீற்றர் நேர்நீளம், இருட்டாக்கக்கூடிய ஒரு மூலை, வாசலில் நிழல் ஆகிய மூன்றும் வேண்டும்.

அட்டையை யன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் மாட்டுங்கள். யன்னல் ஓரத்தில் மாட்டினால் வெளி வெளிச்சம் கண்ணில் அடித்து நல்ல பார்வையும் குறைந்து தெரியும். உட்காருபவரின் கண்மட்டத்தில் அட்டை இருக்கட்டும். கதிரையின் பின்கால் உள்ள இடத்தில் நிலத்தில் சோக்கால் கோடு போடுங்கள். ஆட்கள் முன்னே சாயச் சாயக் கதிரையும் நகரும். மதியத்துக்குள் ஆறு மீற்றர் ஐந்தாகிவிடும்.

இடம் போதவில்லை என்று 6 மீற்றர் அட்டையை 3 மீற்றரில் வைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருமுறை அப்படி நடந்தது. ஊரில் எல்லாருக்கும் அருமையான பார்வை என்று மகிழ்ந்தோம். பிறகுதான் கயிறு பையை விட்டு வெளியே வரவேயில்லை என்று தெரிந்தது. சிறிய அறை என்றால் 3 மீற்றருக்கென்றே செய்த அட்டையைக் கொண்டு போங்கள்.

5. வாசலிலேயே அவசரத்தைப் பிரியுங்கள்

வரிசையில் நின்று எண் வாங்கும் வரை காத்திருக்கக் கூடாத கண்கள் உண்டு. வாசலில் நிற்பவர் ஒவ்வொருவரிடமும், "பார்வை திடீரென்று போனதா? கடும் வலியா? கண்ணில் ஏதும் பட்டதா, விழுந்ததா?" என்று கேட்க வேண்டும். அதற்கு உங்கள் குழுவில் மிக அனுபவமுள்ளவரை நிறுத்துங்கள். வழக்கத்தில் புதிதாக வந்தவரைத்தான் அங்கே விடுகிறோம், அது தவறு.

படம் எடுக்கும் முன்பே தொலைபேசியை எடுக்க வேண்டியவை இவை: திடீர்ப் பார்வை இழப்பு; கண் சிவந்து, கடும் வலி, தலையிடி, வாந்தியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல்; மின்னல் வெட்டுவது போன்ற ஒளியும் புதிதாகப் பறக்கும் கரும்புள்ளிகளும், ஒரு பக்கத்தில் திரை இறங்கியது போன்ற மறைப்பும்; கருவிழியில் வெள்ளைப் புள்ளியோடு வலி; குழந்தையின் கண்மணியில் வெள்ளை ஒளி.

சுண்ணாம்போ களைநாசினியோ கண்ணில் பட்டிருந்தால் உடனே கழுவத் தொடங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்புக் கூட்டை எடுத்து விளையாடும் பிள்ளைகளுக்கு இது நேர்வதுண்டு. சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள், இமையைத் திறந்து உள்ளே தங்கிய துகளையும் கழுவி அகற்றுங்கள். ஒருவர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும். கண்ணைக் காப்பாற்றுவது அந்த முதல் அரை மணி நேரம்தான். பிறகு கிடைக்கும் எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது.

கம்பியோ முள்ளோ கண்ணைத் துளைத்திருந்தால் அதைக் கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது, சொட்டு விடவும் கூடாது. கண்ணில் படாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டி அனுப்புங்கள்.

சூடடிப்புக் காலத்தில் நெல் உமி, வைக்கோல் பட்டுச் சிவந்த கண்களைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். தாவரத் துகள் பட்ட கீறலில் பூஞ்சணத் தொற்று வரலாம். அந்தக் கண்ணில் ஸ்டீரொயிட் சொட்டு விட்டால் புண் பரவும். பார்மசியில் கேட்டு வாங்கிய சொட்டு எதுவாக இருந்தாலும் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் லேபலைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

6. பதிவும் சம்மதமும்

பெயர், வயது, ஊர், நீரிழிவு எத்தனை வருடமாக, இரத்த அழுத்தம், முன்னர் செய்த கண் சத்திரசிகிச்சை, இப்போது விடும் மருந்து. கிளினிக் கொப்பி இருந்தால் கடைசிப் பக்கத்தைப் படம் எடுங்கள். வாயால் சொல்லும் மருந்துப் பெயரில் எழுத்து மாறும்.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன் ஏதும் விட்டார்களா என்று சாதாரணமாகக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் அடுத்தவர் மறைத்துவிடுவார். மூதூரில் "உம்மா, என்ன விட்டீர்கள்?", சம்பூரில் "ஆச்சி, என்ன விட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் வரும். கையில் பேனையோடு "நோயாளி" என்று விளித்தால் வராது.

தொலைபேசி எண் இரண்டு வாங்குங்கள். ஒரு எண் மட்டும் தருபவர் பெரும்பாலும் கட்டாரில் இருக்கும் மகனின் எண்ணைத் தருவார். பக்கத்து வீட்டு எண் ஒன்று இருந்தால்தான் பதிலை அவரிடம் சேர்க்க முடியும்.

படம் எங்கே போகிறது, யார் பார்ப்பார், வேண்டாம் என்றால் பரிசோதனை மறுக்கப்படாது என்பதை வாய்மொழியாகச் சொல்லிக் கையொப்பமோ கைவிரல் அடையாளமோ பெறுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் தனிக் கவனத்துக்குரியது. முகாம் படங்களை முகநூலில் போடும் பழக்கத்தை இங்கேயே நிறுத்துங்கள்.

7. பார்வையை அளத்தல்: எல்லாம் இதில்தான் இருக்கிறது

நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள். பார்வை அளவு இல்லாத நல்ல படம் வேண்டுமா, சுமாரான படமும் சரியான பார்வை அளவும் வேண்டுமா என்றால் இரண்டாவதையே கேட்பார். ஆனாலும் இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள்.

ஆங்கில E எழுத்து நான்கு திசையிலும் திரும்பி நிற்கும் அட்டையைப் பயன்படுத்துங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் இது பொருந்தும். "கால்கள் எந்தப் பக்கம்? கையால் காட்டுங்கள்" என்றால் போதும். முதலில் பக்கத்தில் வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு தூரத்துக்கு அனுப்புங்கள்.

எப்போதும் வலக்கண் முதலில். ஒழுங்கு மாறினால் பதிவேட்டில் கண்ணும் மாறிவிடும். மற்றக் கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள், கண்ணை அழுத்தி மூடினால் கையை எடுத்த பிறகும் சிறிது நேரம் மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடி வைத்திருந்தால் அதை அணிந்தே அளக்க வேண்டும். சட்டைப்பையில் இருப்பது வாசிப்புக் கண்ணாடி என்றால் கழற்றிவிடுங்கள்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்க விடாதீர்கள். சுருக்கினால் இமை இடுக்கே ஊசித்துளையாக வேலை செய்து, இல்லாத பார்வையைக் காட்டும். வரிசையில் காத்திருப்பவர்கள் அட்டையைப் பார்க்காதபடி உட்கார வையுங்கள். பத்துப் பேர் காட்டுவதைப் பார்த்துவிட்டு மனப்பாடமாக ஒப்பிப்பவர் ஊருக்கு ஒருவர் இருப்பார்.

மேல் வரிசையும் தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதி முடிக்காதீர்கள். 3 மீற்றருக்கு வரச் சொல்லுங்கள். அங்கே முதல் வரிசை தெரிந்தால் 3/60. அதுவும் இல்லையென்றால் விரல் எண்ணிக்கை, பிறகு கை அசைவு, கடைசியாக டோர்ச் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சமும் தெரியாத கண்ணுக்கும், வெளிச்சம் வரும் திசையைச் சொல்லும் கண்ணுக்கும் சிகிச்சையில் பெரிய வேறுபாடு உண்டு. கண்புரை முற்றிய கண் பெரும்பாலும் இரண்டாவது வகை.

இப்போது அந்த மட்டைத் துண்டு. 6/12 அல்லது அதற்கும் குறைவாகத் தெரியும் ஒவ்வொரு கண்ணையும் ஊசித்துளை வழியாக மறுபடி அளந்து பாருங்கள். பார்வை கூடினால் குறை பெரும்பாலும் கண்ணாடியால் தீரக்கூடியது. கூடாவிட்டால் கண்ணின் வில்லையிலோ விழித்திரையிலோ நரம்பிலோ காரணம் இருக்கலாம். துளை வழியாகக் குறுகிய ஒளிக்கற்றை மட்டும் போவதால் குவியக் கோளாறு தற்காலிகமாக விலகுகிறது. இவ்வளவுதான் சங்கதி. ஒருவரை நகரத்துக்கு அனுப்புவதா, கண்ணாடிக்கு எழுதுவதா என்று முதலில் காட்டித் தருவது இந்த மட்டைதான்.

40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப்பார்வையையும் 40 சென்ரிமீற்றரில் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, குர்ஆன் ஓத முடியவில்லை, தேவாரப் புத்தகம் தெரியவில்லை என்று வருபவர்களில் பலருக்குத் தூரப்பார்வை நன்றாகவே இருக்கும். அவர்களுக்கு +1.00 முதல் +3.00 வரையான வாசிப்புக் கண்ணாடிகளில் பொருந்துவது ஒன்றே போதும்.

8. முன்கண் படம்

முதற்படம் கண்ணல்ல, எண்சீட்டு. அதன் பின் வலக்கண், அதன் பின் இடக்கண். ஒரே நாளில் நூறு சிவந்த கண்கள் தொலைபேசியில் சேர்ந்த பிறகு யாருடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

தொலைபேசியை முகத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். மிக அருகில் குவியம் பிடிக்காது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். கருவிழியின் ஓரத்தில் திரையைத் தொட்டுக் குவியம் கொடுங்கள். இல்லாவிட்டால் இமைமயிர் தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும். ஃபிளாஷ் வேண்டாம், பக்கவாட்டில் இருந்து டோர்ச் அடியுங்கள். முகத்தை அழகாக்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள். அது சிவப்பை அழித்துவிடும், நாம் தேடுவதே அந்தச் சிவப்பைத்தான்.

நேராகப் பார்த்து ஒன்று, மேலிமையை உயர்த்திக் கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. கடற்றொழிலாளரின் கண்ணில் மூக்குப் பக்கத்தில் இருந்து சதை வளர்ந்திருந்தால் வெளிப்பக்கமாகப் பார்க்கச் சொல்லி இன்னொன்று. அந்தச் சதை கருவிழிக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே கேள்வி.

9. விழித்திரைப் படமும் சொட்டும்

சொட்டு இல்லாமலே எடுக்கும் கமெரா என்றால் இருட்டு மூலையில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் கண்மணி தானாக விரியும் வரை பொறுங்கள். வலக்கண் முடிந்தவுடன் இடக்கண்ணுக்குப் பாயாதீர்கள். முதல் ஒளியில் இரண்டு கண்மணிகளும் சுருங்கியிருக்கும். கண்ணுக்கு மூன்று முயற்சி போதும்.

மூன்று முறை எடுத்தும் படம் மங்கல் என்றால் கமெராவின் வில்லையைத் துடைத்துவிட்டு வேறு ஒருவரின் கண்ணை எடுத்துப் பாருங்கள். அது தெளிவாக வந்தால் கோளாறு கமெராவில் இல்லை, முதல் நபரின் கண்ணில் இருக்கிறது. பெரும்பாலும் புரை. மங்கலான படத்தை வெட்கப்பட்டு அழிக்காதீர்கள், "மூன்று முறை எடுத்தும் தெளிவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். அதுவே நிபுணருக்கு ஒரு தகவல்.

கண்மணி விரிக்கும் சொட்டை நிபுணரின் எழுத்துமூல அனுமதியும் பயிற்சி பெற்ற தாதியும் இல்லாமல் தொடவேண்டாம். அனுமதி இருந்தாலும் பார்வை அளந்த பிறகுதான். முதலில் விட்டுவிட்டால் அன்றைய பார்வை அளவு வீணாகும். காதுப் பக்கத்தில் இருந்து டோர்ச்சைக் கிடையாக அடித்துப் பாருங்கள். மூக்குப் பக்கக் கருவிழிப் பகுதி நிழலில் இருந்தால் கண்ணின் முன்னறை ஆழமில்லை. அவருக்குச் சொட்டு விடாமல் அந்தக் குறிப்போடு அனுப்புங்கள், விட்டால் கண் அழுத்தம் திடீரென்று ஏறக்கூடும்.

சொட்டு விட்டவர் சில மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. வந்தபோதே எதில் வந்தார் என்று கேட்டுவிடுங்கள். குச்சவெளி வெயிலில் விரிந்த கண்மணியோடு சைக்கிள் மிதிக்க விட்டால் அது நம் தவறு.

படத்தால் முடியாததையும் மறக்க வேண்டாம். நீரிழிவால் வரும் விழித்திரைக் கசிவைப் படம் நன்றாகக் காட்டும். கண் நரம்பை மெல்ல அழிக்கும் குளுக்கோமாவை ஒரு படத்தாலோ ஒரு கண் அழுத்த அளவாலோ இல்லை என்று சொல்ல முடியாது. அழுத்தம் சாதாரணமாக இருக்கும்போதும் அது வரும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், படம் நன்றாக இருந்தாலும் கிளினிக்குக்கு எழுதுங்கள்.

10. அனுப்புதல்

நேரடிக் காணொளிக்கு ஆசைப்படாதீர்கள். சிக்னல் வந்து வந்து போகும் ஊரில் அது நிபுணரின் நேரத்தையும் வீணாக்கும், கண்ணையும் காட்டாது. படங்களைச் சேமித்து, குறிப்போடு சேர்த்து, நல்ல சிக்னல் உள்ள இடத்தில் இருந்து அனுப்புங்கள். நிபுணர் ஒப்புக்கொண்ட பாதுகாப்பான வழியே அனுப்புங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்று முடிவானால் படத்தைப் படமாக அல்ல, ஆவணமாக இணையுங்கள். இல்லையெனில் அது சுருக்கி அனுப்பும், நுண்ணிய கசிவுப் புள்ளிகள் மறைந்துவிடும். பெயர் வேண்டாம், எண் மட்டும்.

குறிப்பு இப்படி இருக்கட்டும்: "எண் 17. பெண், 62. வலக்கண் ஆறு மாதமாக மங்கல், வலியில்லை. வலம் 6/60, ஊசித்துளையில் 6/60. இடம் 6/24, ஊசித்துளையில் 6/12. நீரிழிவு 11 வருடம். சொட்டு எதுவும் விடவில்லை. கேள்வி: வலக்கண் புரைதானா, விழித்திரையும் பார்க்க வேண்டுமா?" கேள்வி இல்லாமல் போகும் படத்துக்குப் பதிலும் தாமதமாகவே வரும்.

11. பதில் வந்த பிறகு

பதில்களை நான்காகப் பிரியுங்கள்: இன்றே, இந்த வாரம், அடுத்த கிளினிக், கண்ணாடி மட்டும். "ஒன்றுமில்லை" என்ற பதிலையும் ஆளிடம் சேர்க்க வேண்டும். பதில் வராதவர் தன் கண் மோசமாகிவிட்டது என்றே நினைத்துக்கொள்வார். நீரிழிவு உள்ளவருக்கு "இந்த வருடம் ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள், அடுத்த வருடமும் பார்க்க வேண்டும்.

சீட்டில் திகதி, நேரம், எந்தக் கட்டடம், எந்த அறை, கிளினிக் கொப்பி கொண்டுவர வேண்டும், துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்பதெல்லாம் தமிழில் இருக்கட்டும். எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். மூன்றாம் நாள் அழையுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பயமா, காசா, கூட வர ஆளில்லையா என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். காசுக்கு ஊர்ச் சங்கத்திடம் பேசலாம். ஆளில்லையென்றால் ஒரே நாளில் நால்வரைச் சேர்த்து ஒரு வானில் அனுப்பலாம். பயத்துக்குப் புரை எடுத்துத் திரும்பிய அதே ஊர்க்காரர் ஒருவரைப் பேச வையுங்கள், நாம் பேசி ஆகாது.

சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தவருக்கு ஒரு வாரத்துக்கு முன்பே சீனியும் இரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அன்று காலையில் சீனி கூடியிருந்தால் திருப்பி அனுப்பப்படலாம். அப்படித் திரும்பியவரை இரண்டாம் முறை கிளப்புவது மிகக் கடினம்.

திரும்பி வந்தவரின் வீட்டுக்கு மருத்துவமாது போகும்போது சொட்டு ஒழுங்காக விடுகிறாரா, கண்ணைக் கசக்குகிறாரா என்று பார்க்கட்டும். சிகிச்சை முடிந்த கண்ணில் வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ படம் எடுத்து அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நான்கைந்து வாரத்தில் மறுபடி அட்டைக்கு முன் உட்கார வைத்து, புதிய பார்வையை ஊசித்துளையோடு அளந்து, பதிவேட்டில் அவருடைய பழைய வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக உள்ள பெயர்களின் பட்டியல்தான் அடுத்த முகாமுக்கு முதலில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல்.